தண்டுவட நரம்பு வேர்கள்: ஒரு கண்டுபிடிப்பும் அதன் பாட வேறுபாடுகளும்

மனித உடலில் உள்ள நரம்புகளுட் சில, உணர்ச்சியை உறுப்புகளினின்று மூளைக்குக் கொண்டு செல்வன. சில, இயக்கத்திற்கான ஏவலை மூளையினின்று உறுப்புகளுக்குக் கொண்டு வருவன. கை கால்களிற் கலந்து ஓடும் இவ்விருவகை இழைகளும் தண்டுவடத்தைச் சேருமிடத்தில் பிரிந்து இரு வேறு வேர்களாக நிற்கின்றன. பின்வேர் உணர்ச்சிக்கு உரியது. முன்வேர் இயக்கத்திற்கு உரியது. மருத்துவ நூல்கள் இதனைப் 'பெல்–மஜாந்தி விதி' என்று வழங்குகின்றன.

இப்பெயரில் முன்னிற்கும் சார்லஸ் பெல், இலண்டனில் தொழில் புரிந்த ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர். பின்னிற்கும் பிரான்சுவா மஜாந்தி, பாரிசில் வாழ்ந்த பிரெஞ்சு உடலியல் அறிஞர். இவ்விருவருள் இவ்வுண்மையை முதற்கண் கண்டவர் யாவர் என்னும் வழக்கு 1822-ஆம் ஆண்டில் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலும் நடந்தது. அவ்வழக்கின் முடிவுக்குத் துணை நின்றது, ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகளைச் சொற்சொல்லாக ஒப்பிட்டு நோக்கும் முறையாகும். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் காணும் நமக்கு நன்கு பழகிய அம்முறை, உடற்கூற்றியல் வரலாற்றில் எவ்வாறு பயன்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முதுகெலும்பும் தண்டுவடமும்

முதுகெலும்பு என்று ஒருமையாற் கூறினும் அது பல எலும்புகளின் தொடராகும். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையத்தக்கன. அவற்றின் கீழ் ஒன்றாய் இணைந்துபோன 5 எலும்புகளும், வால்நுனியில் பெரும்பாலும் 4 சிற்றெலும்புகளும் உள்ளன. ஒவ்வொரு முள்ளெலும்பும் முன்புறத்தே திரண்ட உடற்பகுதியும் பின்புறத்தே வளைந்த வில்லும் உடையது. இவற்றிற்கு இடைப்பட்ட துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்து ஒரு குழாயாகின்றன. அக்குழாயினுள்ளே, உறைகளாற் பொதியப்பெற்றுத் தண்டுவடம் இறங்குகின்றது. வளர்ந்த ஆடவரிடத்து அதன் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ. முதுகெலும்பின் இறுதி வரை அது செல்வதில்லை. இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகின்றது. அதன்கீழ் நரம்பு வேர்களே குதிரைவால் போலத் தொங்குகின்றன.

தண்டுவடத்தின் இருமருங்கும் 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. ஒவ்வொரு நரம்பிற்கும் முன்வேர் ஒன்று, பின்வேர் ஒன்று. பின்வேரில் மட்டும் ஒரு சிறு முடிச்சு காணப்படும். முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட துளையை அடையுங்கால் இரு வேர்களும் ஒன்றாகி ஒரே நரம்பாய் வெளிவருகின்றன. ஆதலின் உடலின் புறப்பகுதியில் நரம்பை அறுத்துப் பார்ப்பவர்க்கு இரு தொழிலும் ஒருங்கே கெடுவது தோன்றுமேயன்றி, அவற்றின் வேறுபாடு தோன்றாது. அது தோன்ற வேண்டுமாயின் உயிருள்ள முதுகெலும்பைத் திறத்தல் வேண்டும். அங்ஙனம் பின்னிருந்து திறப்பார்க்குப் பின்வேர் எளிதில் எய்தும். முன்வேரோ தண்டுவடத்தின் மறைவில், எலும்பின் உடற்பகுதியை ஒட்டிக் கிடக்கும். பின்னர்க் கூறப்படும் வரலாற்றின் இடர்ப்பாடு அனைத்தும் இவ்வமைப்பினின்றே பிறந்தது.

2. பழைய வினா

உணர்ச்சி வேறு, இயக்கம் வேறு என்னும் எண்ணம் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ், எராசிஸ்திராட்டஸ் என்னும் மருத்துவர்கள் இருவகை நரம்புகளைப் பிரித்துக் கூறினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமில் புகழ் பெற்ற காலன், தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் அறுத்து, அறுத்த இடத்திற்குக் கீழே உணர்ச்சியும் இயக்கமும் ஒழிவதைக் கண்டார்.

அவர் எழுதிவைத்த நோயாளர் செய்தி ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. பௌசானியஸ் என்னும் சிரிய நாட்டுச் சொல்வல்லார் ஒருவர் வண்டியினின்று வீழ்ந்தார். சில நாட்களில் அவர்தம் கையின் சிறுவிரல், அதனை அடுத்த விரல், நடுவிரலிற் பாதி ஆகியவற்றில் உணர்ச்சி குன்றியது, இயக்கம் குன்றவில்லை. மருத்துவர் விரல்களுக்கே மருந்திட்டு வந்தனர், பயன் விளையவில்லை. காலன், வீழ்ந்தபோது அடிபட்ட இடம் மேல்முதுகு என்று கேட்டறிந்து, மருந்தை அங்கே இடச் செய்தார், நோய் தீர்ந்தது. நோய் விரலிலும் அதன் மூலம் முதுகிலும் இருத்தலை அவர் உணர்ந்தார். ஆயினும், இயக்கம் நிற்க உணர்ச்சி மட்டும் நீங்குவது எவ்வாறு என்னும் வினாவிற்கு, மென்மையான நரம்புகள் உணர்ச்சிக்கும் வன்மையானவை இயக்கத்திற்கும் உரியன என்பதே அவரும் அவரைப் பின்பற்றியோரும் கண்ட விடை. அவ்விடை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்றது.

3. பெல் அச்சிட்ட சிறு நூல்

சார்லஸ் பெல் 1774-இல் எடின்பரோவிற் பிறந்தவர். 1804-இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அறுவை மருத்துவத்தோடு ஓவியத்திலும் வல்லவர். கொருன்னாப் போரிலிருந்து 1809-இல் திரும்பிய வீரர்க்கும், 1815-இல் வாட்டர்லூவிற் புண்பட்டோர்க்கும் மருத்துவம் புரிந்து, அவர்தம் புண்களை ஓவியங்களாகவும் தீட்டினார். அவர் 1811-இல் 'மூளையின் புதிய உடற்கூற்றியல் பற்றிய கருத்து' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். அது விற்பனைக்கு வரவில்லை. நூறு படிகளே அச்சிடப்பெற்று நண்பர்களுக்கு வழங்கப்பட்டன.

வழக்கின் மூலச்சான்று இந்நூலேயாதலின், இதன்கண் உள்ளது யாது, இல்லாதது யாது என்று பிரித்துணர்தல் இன்றியமையாதது. நரம்பு வேர்களைத் திறந்து பார்த்ததாகவும், பின்வேரை அறுத்தபோது முதுகுத் தசைகள் துடிக்கவில்லை என்றும், முன்வேரைக் கத்தி முனையால் தொட்ட அளவிலேயே அவை துடித்தன என்றும் பெல் கூறுகின்றார். ஒரு நரம்பில் வெவ்வேறு தொழிலுடைய இழைகள் கூடியுள்ளன; அவை மூளையின் வெவ்வேறு பகுதிகளினின்று வருதலால் தொழிலும் வேறுபடுகின்றன என்பது அவர் கோட்பாடு. இது உயர்ந்த கருத்து; அவர்க்கே உரியது.

ஆயின், அவ்வேறுபாடு யாது என்று கூறுமிடத்து அவர் வழி தவறுகின்றார். முன்வேர் பெருமூளையோடும் பின்வேர் சிறுமூளையோடும் தொடர்புடையன என்று அவர் கொண்டார். பெருமூளை, உணர்ச்சிக்கும் விரும்பிச் செய்யும் இயக்கத்திற்கும் ஆகிய இரண்டற்கும் இடம். சிறுமூளை, நம் விருப்பத்திற்கு உட்படாமல் உடலினுள் நிகழும் தொழில்களை ஆளுவது. இவ்வாறு கொள்ளுங்கால் உணர்ச்சியும் இயக்கமும் முன்வேர் ஒன்றிற்கே உரியனவாகின்றன. பின்வேர் உணர்ச்சிக்கு உரியது என்னும் கூற்று இந்நூலில் யாண்டும் இல்லை.

4. மஜாந்தியின் மூன்று பக்கங்கள்

மஜாந்தி 1783-இல் போர்தோவிற் பிறந்தவர். கோட்பாடுகளை ஐயுற்று நோக்கி, கண்ணாற் கண்டதனையே உடன்படும் இயல்பினர். உடலியல் ஆய்வுகளுக்கென்றே 1821-இல் ஓர் இதழைத் தொடங்கினார். அவ்விதழில் 1822-இல் வெளிவந்த மூன்று பக்கக் கட்டுரையே இவ்விதியின் முதல் தெளிவான எழுத்து.

ஆறு வாரம் நிரம்பிய எட்டு நாய்க்குட்டிகள் அவர்க்குக் கிடைத்தன. அவ்விளமையில் எலும்பு முற்றாமையால், கூரிய கத்தியால் தண்டுவடத்தின் பின்புறத்தை விரைவில் திறத்தல் இயன்றது. ஒரு குட்டியின் இடுப்புப் பகுதியில் பின்வேர்களை மட்டும் அறுத்துப் புண்ணைத் தைத்தார். அப்பக்கத்துக் கால் குத்தினும் அழுத்தினும் உணர்வின்றிக் கிடந்தது. அது முற்றும் செயலிழந்ததென்றே முதலில் எண்ணினார். சிறிது நேரத்தில் அக்கால் தெளிவாக அசைந்தது, உணர்ச்சியோ திரும்பவில்லை. இதனை மேலும் இருமுறை செய்து உறுதிப்படுத்தினார். பின்னர் முன்வேர்களை அறுக்கும் வழியைப் பெரிதும் முயன்று கண்டார். அவற்றை அறுத்தபோது கால் தளர்ந்து அசைவற்றது; உணர்ச்சி குறையவில்லை. இரு வேர்களையும் அறுத்தபோது இரண்டும் ஒழிந்தன.

அவ்வாண்டிலேயே வேறொரு வழியாலும் இதனை ஆராய்ந்தார். நம் நாட்டார் நன்கறிந்த எட்டி விதையின் நஞ்சு, உடல் முழுவதும் கடுமையான இழுப்பை உண்டாக்கும் இயல்பினது. பின்வேர் அறுபட்ட காலில் அவ்விழுப்பு குறைவின்றி நிகழ்ந்தது. முன்வேர் அறுபட்ட காலோ, ஏனைய உடல் முறுக்கேறி நின்ற வேளையிலும் நெகிழ்ந்தே கிடந்தது. முன்வேரைத் தூண்டும்போது சிறிதளவு உணர்ச்சியும் தோன்றுவதுபோல் உள்ளதென்று, தம் முடிபிற்கு மாறாகத் தோன்றியதனையும் அவர் மறைக்காது எழுதினார். இச்சிறு முரண்பாட்டைப் பின்னர் அவர் மாணாக்கர் குளோடு பெர்னார் ஆராய்ந்து விளக்கினார்: பின்வேரின் இழைகள் சில, வளைந்து திரும்பி முன்வேரிற் புகுவதே அதற்குக் காரணம்.

5. பாட வேறுபாடுகள்

கட்டுரை வெளிவந்ததும் பெல்லின் மைத்துனரும் உதவியாளருமாகிய ஜான் ஷா, 1811-ஆம் ஆண்டுச் சிறு நூலை மஜாந்திக்கு அனுப்பி, இஃது முன்னரே கண்ட உண்மை என்று தெரிவித்தார். மஜாந்தி அதன் உரிய பகுதியைத் தம் இதழிலேயே வெளியிட்டார். பெல் இக்கண்டுபிடிப்பை மிக அணுகி வந்தார் என்று பாராட்டியதோடு, முன்வேர் இயக்கத்திற்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்பது அவர்க்குப் புலப்படவில்லை என்றும், அதனை உறுதியாக நிறுவியதே தமக்குரிய பங்கென்றும் எழுதினார். பகைவர் பலரைத் தேடிக்கொள்ளும் இயல்பினராகிய அவர், இவ்விடத்து அளவறிந்து எழுதியிருத்தல் கருதத்தக்கது.

பெல் 1821-இல் இலண்டன் இராயல் கழகத்தில் முகநரம்புகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தார். கழுதையின் முகத்தில் ஐந்தாம் மூளை நரம்பின் கிளையை அறுத்தபோது அது உதட்டால் உணவைப் பற்றவியலாது போயிற்று. ஆதலின் அந்நரம்பு உணவுகொள்ளும் இயக்கத்திற்கும் உரியது என்பது அக்கட்டுரையின் கருத்து. உண்மையில், அவ்விலங்கு உணவைப் பற்றாமைக்குக் காரணம் உதட்டில் உணர்ச்சி இன்மையே. பெல்லின் மாணாக்கராக இருந்த ஹெர்பெர்ட் மேயோ 1822-இல் தாம் தொடங்கிய நூலில் இதனைத் திருத்தினார். பெல் தம் கட்டுரைகளை 1824-இல் நூலாகத் தொகுத்தபோதும், அதன்பின் வெளியிட்ட பதிப்புகளிலும், பழைய கட்டுரைகள் முன்பிருந்தவாறே வருவதாகப் படிப்போர் எண்ணினர். ஆயின் பல இடங்களிற் சொற்கள் மாறியிருந்தன, தொடர்கள் நீங்கியிருந்தன. புதிய உண்மையோடு பொருந்தாதவை பொருந்துமாறு திருத்தப்பெற்றிருந்தன. திருத்தம் செய்யப்பட்டதென்ற குறிப்பு இல்லாமையால், 1822-இற்கு முன்னரே ஆசிரியர் அவ்வாறு எழுதியிருந்தார் என்னும் மயக்கம் பிறந்தது.

1811-ஆம் ஆண்டு நூலோ கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அஃது 1868–69-இல் ஓர் உடற்கூற்றியல் இதழில் மறுபதிப்பாகும்வரை, பெல்லின் பிற்காலக் கூற்றுகளை மூலத்தோடு ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு மிகச் சிலர்க்கே இருந்தது. அதற்குள் பெல் 1829-இல் இராயல் பதக்கமும் 1831-இல் 'சர்' பட்டமும் பெற்று, 1842-இல் மறைந்துவிட்டார். கண்டுபிடிப்பும் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. பின்னர் 1911-இல் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் பழைய பாடங்களையும் திருத்திய பாடங்களையும் ஒப்பிட்டு, இக்கண்டுபிடிப்பு மஜாந்தியினுடையதே என்று எழுதினார். 1974-இல் பால் கிரேன்ஃபீல்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூல எழுத்துகளை உருப்படிகளாக ஒரே நூலில் தொகுத்து வெளியிட்டார். யாவரும் தாமே ஒப்பிட்டு முடிவு காணும் நிலை அதனால் உண்டாயிற்று.

இடைச்செருகல் என்பது பெரும்பாலும் பிற்காலத்தார் செயல் என்றே நாம் கருதிப் பழகியுள்ளோம். ஈண்டு ஆசிரியரே தம் நூலுள் இடைச்செருகல் செய்தார். தம் நூலைத் திருத்தும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு. காலக்குறிப்பின்றித் திருத்தி, அதனை முற்பட்ட நூலாகக் காட்டும் உரிமை எவர்க்கும் இல்லை.

6. இரக்கமும் அறிவும்

பெல் பின்வேரின் தொழிலைக் காணாமைக்குப் பாடங்களுக்குப் புறம்பான காரணம் ஒன்றும் உண்டு. அவர் உயிருள்ள விலங்குகளை அறுப்பதற்கு மனம் ஒவ்வாதவர். பிற்காலத்தில் எழுதிய விளக்கத்தில், முயலொன்றின் முதுகைத் திறந்தபோது அதன் துன்பம் நீடித்தமையால் தொடர்ந்து ஆராய மனமின்றி நிறுத்தியதாகவும், பின்னர் வேறொரு முயலை அடித்து உணர்விழக்கச் செய்து ஆராய்ந்ததாகவும் கூறுகின்றார். உணர்விழந்த விலங்கில் தசை துடிப்பதனைக் காணலாம். அது வலியை உணர்கின்றதா என்று காணவியலாது. ஆகவே இயக்கத்தின் வழி அவர்க்குப் புலனாயிற்று. உணர்ச்சியின் வழி மறைந்து நின்றது. அவரைப் பிற்படுத்தியது அறிவுக் குறைவு மட்டுமன்று.

மஜாந்திக்கு அத்தயக்கம் இல்லை. மயக்க மருந்து அறுவை மருத்துவத்தில் பரவியது 1846-இற்குப் பின்னராதலின், அந்நாய்க்குட்டிகள் பட்ட துன்பத்தை நாம் மறுப்பதற்கில்லை. கால்நடைகளைக் கொடுமையினின்று காக்க ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால் ஆங்கில நாட்டில் முதற் சட்டம் பிறந்ததும் அதே 1822-ஆம் ஆண்டில்தான். மஜாந்தி 1824-இல் இலண்டனில் செய்துகாட்டிய ஆய்வுகளை மார்ட்டின் மறு ஆண்டில் நாடாளுமன்றத்திற் கடிந்துரைத்தார். விலங்காய்வுகளை வரையறுக்கும் சட்டம் 1876-இல் அந்நாட்டில் ஏற்பட்டது. மஜாந்தியின் கொடுமையை எடுத்துக் கூறியோர் பலர், அக்காரணத்தாலேயே கண்டுபிடிப்பின் உரிமையையும் பெல்லுக்கு அளிக்க விரும்பினர். இவை இரு வேறு வினாக்கள். ஒருவர் செய்த முறை வெறுக்கத்தக்கதாயினும், அவர் முதலிற் கண்டார் என்னும் உண்மை அதனால் மாறாது.

7. வேரினின்று வழிகளுக்கு

ஜெர்மானிய அறிஞர் யோகான்னஸ் முல்லர் 1831-இல் தவளைகளிற் செய்த ஆய்வால் இவ்விதி ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. வேர்களின் தொழில் தெளிந்தபின், தண்டுவடத்தினுள்ளே அவ்விழைகள் செல்லும் வழி யாது என்பது அடுத்த வினாவாயிற்று. வியன்னாவில் லுட்விக் டுர்க் 1851-இல், நோயாற் கெட்ட இழைத்தொகுதிகளைப் பின்பற்றி வழிகளை வரையறுத்தார். மொரீசியசுத் தீவிற் பிறந்த பிரவுன்-செகார், தண்டுவடத்தின் ஒரு பாதியை மட்டும் அறுத்தால் அப்பக்கத்து இயக்கமும் எதிர்ப்பக்கத்து வலியுணர்வும் கெடுவதை அந்நூற்றாண்டின் நடுவிற் காட்டினார்.

இன்று அறியப்படும் முதன்மை வழிகள் மூன்று. மெல்லிய தொடுவுணர்வும் உறுப்பின் நிலையறியும் உணர்வும் தண்டுவடத்தின் பின்புறத் தூண்களில் புகுந்த பக்கமாகவே ஏறி, மூளையின் அடித்தண்டில் எதிர்ப்பக்கம் மாறுகின்றன. வலியும் வெப்ப தட்பமும், புகுந்த இடத்தின் அருகிலேயே எதிர்ப்பக்கம் மாறி, முன்பக்கவாட்டில் ஏறுகின்றன. பெருமூளையினின்று இறங்கும் இயக்க இழைகளிற் பெரும்பாலான, அடித்தண்டில் மாறியபின் பக்கவாட்டில் இறங்கி, முன்வேரின் தோற்றத்திலுள்ள உயிரணுக்களை அடைகின்றன.

இவ்வமைப்பின் உண்மையைக் கத்தியின்றியே நோய்கள் காட்டியுள்ளன. இளம்பிள்ளைவாதம் முன்வேரின் தோற்றத்திலுள்ள உயிரணுக்களை அழிக்கும். அந்நோயாற் கால் சூம்பிய பிள்ளைக்கு அக்காலை அசைக்கவியலாது. அதில் முள் தைத்தால் வலி தெரியும். இதனை நம் ஊர்களிற் பலரும் கண்டிருந்தனர். இந்தியாவில் அந்நோய் இறுதியாகத் தோன்றியது 2011-இல்; ஒழிந்தமை 2014-இல் உறுதிப்படுத்தப்பட்டது. மேகப்புண் நோய் முற்றிப் பின்வேர்களையும் பின்புறத் தூண்களையும் தாக்குங்காலோ தசைவலிமை குன்றாது. கால் நிற்குமிடம் தெரியாமையால் இருளில் நடை தடுமாறும்.

முன்வேரிலும் சில மெல்லிய உணர்ச்சி இழைகள் உண்டென்று 20-ஆம் நூற்றாண்டில் நுண்பெருக்கி கொண்டு கண்டனர். விதி அதனால் அழியவில்லை. 1822-இல் மஜாந்தி தம் முடிபிற்கு மாறான குறிப்பையும் விடாது எழுதியமையின் சிறப்பே விளங்குகின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முன்வேரும் பின்வேரும் தொழிலால் வேறுபடும் என்னும் கருத்தைச் செய்முறையோடு முதலில் எழுதியவர் பெல். வேறுபாடு இன்னதென்று இரு வேர்களையும் அறுத்து நிறுவியவர் மஜாந்தி. பெல்லின் பிற்காலப் பதிப்புகளை 1822-இற்கு முற்பட்ட சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

'பெல்–மஜாந்தி விதி' என்னும் பெயரை மாற்ற வேண்டுவதில்லை. வினா எழுப்பியவரும் விடை கண்டவரும் அதில் முறையே நிற்கின்றனர் என்று பொருள் கொள்ளின் அது சாலும். ஆயின் அறிவியல் வரலாறு எழுதுவோர், ஓர் அறிஞர் இவ்வாண்டில் இதனைக் கண்டார் என்று கூறுமுன், அவ்வாண்டில் அச்சான பாடத்தையே நோக்குதல் வேண்டும். தொகுப்பு நூல்களையும் பிற்காலப் பதிப்புகளையும் நம்பி எழுதுவது, உரையாசிரியர் கூற்றை மூலம் என்று கொள்வதனை ஒக்கும். இலக்கியத்திற்கு வேண்டும் அவ்விழிப்பு அறிவியலுக்கும் வேண்டும் என்பதற்கு இவ்வழக்கே சான்று.